மிராசு கொடுத்த நிலத்தால் மருத்துவச்சி மேலே வந்திருப்பாளா?

நாவல் எழுதும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. காவிரி டெல்டாவில் ஒரு கிராமம், காலம் 1910 முதல் 1935 வரை. மேலே மிராசுதார், கீழே பண்ணையாள். நாவிதர் குடும்பத்து ஏழை மருத்துவச்சி ஒருத்தி, பெரிய மிராசு வீட்டுத் தலைப்பிரசவத்தில் தாயையும் பிள்ளையையும் காப்பாற்றுகிறாள். அவர் மனம் நெகிழ்ந்து இரண்டு வேலி நிலம் எழுதிவைக்கிறார். அந்த நிலத்தைப் பிடித்துக்கொண்டு அவள் ஊரே மதிக்கிற பெரிய மனுஷியாகிறாள். "இது நம்பும்படி இருக்குமா? அவளுக்குப் பொருத்தமாக என்ன பெயர் வைக்கலாம்?"

இரண்டு வேலி என்றதுமே எனக்கு விக்கல் எடுத்துவிட்டது. ஒரு வேலி என்பது 20 மா. ஏக்கரில் சொன்னால் ஆறே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு வேலி என்றால் 13 ஏக்கருக்கு மேல், அதுவும் ஆற்றுப் பாசன நஞ்சை. அவ்வளவு வைத்திருந்தவரே ஊரில் மிராசுதார் என்று திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். வேலிக்கணக்கில் நிலம் எழுதிவைத்தவர்கள் இருந்தார்கள்தான். கோயிலுக்கு எழுதினார்கள், சத்திரத்துக்கு எழுதினார்கள், பாடசாலைக்கு எழுதினார்கள். கொல்லைப்புறமாக வந்து கொல்லைப்புறமாகப் போகிறவளுக்கு எழுதவில்லை.

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்பீர்கள். என் அப்பாயி, அதாவது அப்பாவைப் பெற்றவள், மருத்துவச்சி. நான் 1983 முதல் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கதிர் அரிவாளால் தொப்புள்கொடி அறுத்த காலத்துக் கதையை அவள் மடியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். கொதிநீரில் அவித்த கத்தரிக்கோலை நானே பிடித்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

உங்கள் கதை நிற்க வேண்டுமானால், ஊர் அவளுக்குக் கூலி எப்படிக் கொடுத்தது என்பது முதலில் தெரிய வேண்டும். காசு கிடையாது. அறுவடையில் பங்கு. அதற்குப் பெயர் மேரை, இன்னொரு பெயர் சுதந்திரம். ஆமாம், சுதந்திரம்தான். களத்துமேட்டில் அந்தச் சொல்லுக்கு விடுதலை என்று அர்த்தமில்லை. ஊர் ஊழியக்காரர்களுக்கு அளந்து போடும் உரிமை நெல் என்று அர்த்தம். பொலி தூற்றிக் குவித்திருக்கும். அளக்கிறவர் ஒன்று என்று சொல்லமாட்டார், "லாபம்" என்று சொல்லி முதல் மரக்காலைப் போடுவார். தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர், தலையாரி, வெட்டியான் எல்லாரும் அவரவர் கூடையோடு ஓரமாக நிற்பார்கள். நாவிதர் வீட்டுப் பங்கு அளக்கப்படும்போது அதில் என்னென்ன அடங்கும் தெரியுமா? வருஷம் முழுக்க ஊர் ஆண்களுக்குச் செய்த சவரம், கட்டி கீறியது, புண்ணுக்குக் கட்டுப்போட்டது, கல்யாணத்திலும் சாவிலும் செய்த சடங்கு வேலை, அதோடு அந்த வீட்டுப் பெண் பார்த்த பிரசவம், எல்லாம் ஒரே கூடையில். கூடை ஆம்பளை கையில். அவள் அந்த வருஷம் மூன்று பேறு பார்த்திருந்தாலும் முப்பது பார்த்திருந்தாலும் மரக்கால் மாறாது.

இந்த இடத்தைத்தான் நாவலாசிரியர்கள் தவறவிடுகிறார்கள். அவளுக்குத் திறமை இல்லாமல் ஏழையாக இருக்கவில்லை. திறமைக்கும் வரும்படிக்கும் முடிச்சே போடாத ஏற்பாடு அது. எவ்வளவு கைராசிக்காரி என்று பேர் வாங்கினாலும் வேலைதான் கூடும், நெல் கூடாது.

இது நேற்று முளைத்த ஏற்பாடும் இல்லை. காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடல் கோயிலில் 11ஆம் நூற்றாண்டு வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பதினைந்து படுக்கை கொண்ட ஆதுலர்சாலைக்கு, அதாவது ஆஸ்பத்திரிக்கு, யார் யாருக்கு எவ்வளவு நெல் என்று அதில் வெட்டிவைத்திருக்கிறார்கள். வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல், அதற்குமேல் காசும் நிலமும். அறுவை செய்பவருக்கு 30 கலம். மருந்து அடுகிற பெண்கள் இருவருக்கும் சேர்த்து 30 கலம். நாவிதருக்கு 15 கலம். நான் அதை முதன்முதலில் படித்தபோது அப்பாயியின் முறம்தான் ஞாபகம் வந்தது.

நெல்லைத் தவிர, பிள்ளை பிறந்த வீட்டில் கைக்குக் கிடைப்பது கொஞ்சம் உண்டு. ஒரு மரக்கால் அரிசி, வெற்றிலை பாக்கு, தலைக்கு எண்ணெய், கட்டி நைந்த புடவை. ஆண் பிள்ளை என்றால் கை தாராளம். பெண் பிள்ளை என்றால் மாமியார் உள்ளே போனவள் வெளியே வர நேரமாகும். அப்பாயி சொல்வாள்: "பொட்டப் புள்ளன்னா நானே குரலைத் தாழ்த்தித்தான் சொல்லுவேன், ஏதோ நாந்தான் செஞ்சுட்ட மாதிரி."

சரி, இவ்வளவு அவசியமானவளை ஏன் கொல்லைப்புறத்தில் நிறுத்தினார்கள்? தீட்டு. பிள்ளைப்பேறு தீட்டு, ரத்தம் தீட்டு, நஞ்சுக்கொடி தீட்டு. அதைத் தொட யாராவது ஒருத்தி வேண்டும். தொடுகிறவள் தீட்டுக்காரி. வட இந்தியாவில் பல இடங்களில் இந்த வேலை தலித் பெண்கள் தலையில் விழுந்தது. நம் பக்கம் நாவிதர் வீட்டுப் பெண்கள் தலையில். 1909இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட சாதிகள் தொகுப்பிலும் அம்பட்டர் வீட்டுப் பெண்கள் பேறு பார்ப்பவர்கள் என்றே பதிவாகியிருக்கிறது. அந்தப் பெயரை எங்கள் ஆட்கள் சொல்லிக்கொள்வதில்லை, மருத்துவர் என்றுதான் சொல்வோம். மருத்துவர் என்ற பெயருக்காகவும் மரியாதைக்காகவும் எங்கள் சமூகத்துச் சித்த மருத்துவர் ஆனந்தம் பண்டிதர் போன்றவர்கள் எழுதியும் பேசியும் போராடினார்கள். உங்கள் நாவலில் ஊர்க்காரர்கள் வாயில் பழைய சொல் வரலாம். கதை சொல்கிறவர் வாயில் வர வேண்டாம்.

தீட்டு அவளைத் தாழ்த்தியது. அதே தீட்டுதான் அவள் வேலைக்குக் காப்பாகவும் இருந்தது. வேறு யாரும் போட்டிக்கு வரமாட்டார்கள் பாருங்கள். மிராசுதார் வீட்டு அம்மாளை அவள் வீட்டுக்காரர் பார்க்காத கோலத்தில் அவள் பார்த்திருப்பாள், இடுப்பைத் தாங்கிப் பிடித்திருப்பாள், "முக்குங்கம்மா, இன்னும் ஒரு முக்கு" என்று அதட்டியிருப்பாள். பிள்ளை வெளியே வந்து சேனை வைத்து, தாயைக் குளிப்பாட்டி முடித்ததும் அதே வீட்டில் அவளுக்குத் தண்ணீர் கொட்டாங்கச்சியிலோ கைகுவித்தோதான். பத்து நாள் கழித்துத் தீட்டுக் கழிக்கும் புண்ணியாகவாசனம் நடக்கும்போது அவள் உள்ளே இருக்கமாட்டாள். வலி எடுத்த ராத்திரி இருந்த உரிமை பிள்ளை அழுததும் முடிந்துபோகும். உங்கள் கதைக்கு உயிர் இங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நிலப் பத்திரத்தில் இல்லை.

இன்னொன்று. உங்கள் சுருக்கத்தில் அவள் அக்ரகாரம், குடியானத் தெரு, சேரி மூன்றுக்கும் போய் வருகிறாள். பெரும்பாலான ஊர்களில் அப்படி நடக்கவில்லை. எங்கள் ஆட்கள் சேரிக்குப் பேறு பார்க்கப் போகமாட்டார்கள். அங்கே அவர்களிலேயே கைப்பழக்கம் உள்ள கிழவி ஒருத்தி இருப்பாள். நடவு நட்டுக்கொண்டிருக்கும்போதே வலி கண்டு வரப்பில் பெற்றவர்கள் உண்டு, அடுத்த வாரம் மறுபடி சேற்றில் இறங்கியவர்களும் உண்டு. உங்கள் கதாநாயகி ஏணியின் அடியில் இருந்தவள் இல்லை. அவள் காலுக்குக் கீழேயும் படிகள் இருந்தன, அந்தப் படிகளை அவள் குனிந்து பார்க்கவில்லை. என் அப்பாயியும் பார்க்கவில்லை. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நீங்கள் விட்டுவிட்டால் கதை பாதிப் பொய்யாகிவிடும்.

தெய்வமாகவும் ஆக்கிவிடாதீர்கள். குறுக்கே கிடக்கிற பிள்ளையை வெளியிலிருந்தே வயிற்றைத் தடவித் திருப்பத் தெரிந்த கைகள் அவை. பொய்வலிக்கும் மெய்வலிக்கும் வித்தியாசம் முகத்தைப் பார்த்தே சொல்வார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வயதான மருத்துவச்சி என் கையைப் பிடித்துக் கர்ப்பிணியின் அடிவயிற்றில் வைத்து, "தேங்கா உருளுதா? உருண்டா தலை இன்னும் எறங்கல. பிடிச்ச எடத்துல நின்னா எறங்கிடுச்சு" என்றாள். பயிற்சிப் பள்ளியில் மூன்று வகுப்பில் எனக்குப் பிடிபடாதது அது. அதே மருத்துவச்சி கொடி அறுக்க வைத்திருந்தது கூரையில் செருகிய பழைய கத்தி. அறுத்த இடத்தில் சாம்பலோ சாணமோ அப்புவது வழக்கம். அதனால் வந்த ரண ஜன்னியில் (டெட்டனஸ்) எத்தனை சிசுக்கள் ஒரு வாரத்தில் விறைத்துச் செத்திருக்கும்! தாய்மாருக்குப் பிரசவ ஜன்னி வேறு. கழுவாத கையும் வெட்டாத நகமும் காரணம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. செத்தால் பழி பேய் மீதோ, கொடி சுற்றிப் பிறந்த தோஷத்தின் மீதோ, மாமன் ஜாதகத்தின் மீதோ போகும். இல்லாவிட்டால் நேரே மருத்துவச்சி மீது வரும். பெரிய வீட்டில் அப்படிப் பழி வந்தால் புருஷனை மரத்தில் கட்டிவைக்கவும் தயங்கமாட்டார்கள். நீங்கள் காப்பாற்றிய காட்சியை மட்டும் யோசித்திருக்கிறீர்கள். காப்பாற்ற முடியாத காட்சி ஒன்றையும் வையுங்கள். 13 வயதில் கருவுற்ற அக்ரகாரத்துச் சிறுமி, இடுப்பெலும்பு விரியவில்லை, மூன்று நாள் வலி. பெண்ணுக்குத் திருமண வயது 14 என்று வைத்த சாரதா சட்டமே 1929இல்தான் வந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கலாமே என்பீர்கள். ஆண் டாக்டர் பார்ப்பதைவிடச் சாவது மேல் என்று நினைத்த காலம். திண்டிவனத்தில் ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண்ணுக்கு நடந்தது பலருக்கும் தெரிந்த கதைதான்: 1890களில் ஒரே ராத்திரியில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து, மனைவிக்குப் பிரசவம் பார்க்க அவளைக் கூப்பிட்டார்கள். அவள் டாக்டர் இல்லை, அவள் அப்பாதான் டாக்டர். அவர் வருகிறார் என்றாள். மூவரும் மறுத்துவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அவள் அமெரிக்கா போய் மருத்துவம் படித்து 1900இல் திரும்பி வந்து வேலூரில் வேலையைத் தொடங்கியது அதனால்தான்.

மருத்துவச்சியிடம் இன்னொரு சொத்து இருந்தது, அதைப் பற்றி யாரும் வாய் திறக்கமாட்டார்கள். ரகசியம். எந்த வீட்டு விதவைக்கு எந்த மாதம் நாள் தள்ளியது, எந்த மருமகளின் பிள்ளை எத்தனை மாதத்தில் பிறந்தது, பெரியவர் எந்தப் பண்ணைக்காரியின் குடிசைக்குப் போய் வந்தார், எல்லாம் அவளுக்குத் தெரியும். கருக்கலைப்புக்கு ராத்திரியோடு ராத்திரியாக வண்டி அனுப்புவார்கள். அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டம் 312ஆம் பிரிவில் அது குற்றம்; எருக்கங்குச்சி வைத்துக் கருப்பையே சீழ்ப்பிடித்துச் செத்தவர்கள் உண்டு. செத்தால் வண்டி அனுப்பியவர் சிக்கமாட்டார், வண்டியில் வந்தவள்தான் சிக்குவாள். ரகசியத்தை வைத்து மிராசுதாரை மிரட்டி மேலே வருகிறாள் என்று எழுதலாமா? எழுதலாம், ஆனால் ஒரு மாதம்கூட ஊரில் இருக்கவிட்டிருக்கமாட்டார்கள். அவள் குடியிருந்த மனையே மிராசுதாருடையது. கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டுப் போ என்றால் போக வேண்டியதுதான். அப்படிப்பட்ட குடியிருப்பு மனைகளை இருந்தவர்களுக்கே சொந்தமாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1971இல்தான் வந்தது.

நெகிழ்ந்துபோன மிராசுதார் உண்மையில் என்ன கொடுத்திருப்பார்? புதுப் புடவை, ஒரு கலம் நெல், கறவை ஆடு. ரொம்ப நெகிழ்ந்தால் "அந்த ஒரு மாவை நீ சாகுபடி பண்ணிக்கோ" என்று வாய்ப்பேச்சாகச் சொல்வார். பத்திரம் இருக்காது. மகன் தலையெடுத்ததும் அந்த ஒரு மா திரும்பப் போய்விடும். இதைக் கதையில் வையுங்கள், நன்றாக இருக்கும்.

அப்படியானால் ஒருத்தியும் மேலே வரவில்லையா? வந்தார்கள். கொஞ்சம் பேர். வந்த வழி ஊருக்கு வெளியே இருந்தது.

சென்னையில் பிரசவ ஆஸ்பத்திரி 1844இல் தொடங்கியது, எழும்பூர் ஆஸ்பத்திரி என்று நாம் சொல்வது அதைத்தான். 1854இலிருந்து அங்கே மருத்துவச்சிப் பயிற்சி. 1885இல் பெண்களுக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய டஃபரின் சீமாட்டி நிதி வந்தது, 1903இல் கர்சன் சீமாட்டி தொடங்கிய விக்டோரியா நினைவு நிதி பரம்பரை மருத்துவச்சிகளுக்கே பயிற்சி கொடுக்க முயன்றது. தஞ்சாவூரில் ராஜா மிராசுதார் ஆஸ்பத்திரி இருந்தது. யார் பணத்தில் எழுந்தது என்று பெயரே சொல்கிறதே! களத்துமேட்டில் மருத்துவச்சிக்குத் தனி மரக்கால் போடாத வர்க்கம்தான் அதற்கும் கொடை கொடுத்தது. எனக்கு அதில் கோபம் இல்லை, வேடிக்கையாக இருக்கிறது. பிறகு 1926இல் சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் வந்து, தகுதி பெற்றவர்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற ஆரம்பித்தார்கள். அந்தக் காலத்து உள்ளாட்சி அமைப்புகளான தாலுகா போர்டுகள் மாதச் சம்பளத்துக்கு மருத்துவச்சிகளை வைத்துக்கொண்டன.

என் அப்பாயி போனது இந்த வழியில்தான். 1918 விஷக்காய்ச்சலில் தாத்தா போய்விட்டார். அந்தக் காய்ச்சல் பிள்ளைத்தாய்ச்சிகளை அள்ளிக்கொண்டு போன கதையை அவள் தனியாகச் சொல்வாள்; அதைக் கேட்டால் ராத்திரி தூக்கம் வராது. கையில் இரண்டு பிள்ளைகள். களத்து நெல் கொழுந்தனார் கூடைக்குப் போனது, அவர் பார்த்துக் கொடுத்தால் உண்டு. பேறு பார்த்தது முழுக்க இவள், அளந்து வாங்கியது அவர். ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு டவுன் ஆஸ்பத்திரியில் வார்டு கழுவுகிற வேலைக்குப் போய்விட்டாள். ஊரில் மருத்துவச்சி, ஆஸ்பத்திரியில் பெருக்குகிறவள். இறக்கம் மாதிரித் தெரியும். ஆனால் மாதம் முடிந்ததும் அவள் கையில், அவளுக்கென்று, வெள்ளிக் காசு விழுந்தது. வாழ்க்கையில் முதல் தடவை.

பயிற்சிக்கு எடுத்துக்கொள்ள எழுத்து தெரிய வேண்டும் என்றார்கள். கைத்திறமையில் அவளுக்குச் சொல்லிக்கொடுக்க அங்கே அதிகம் இல்லை, பாட்டில் மேலே ஒட்டிய சீட்டைப் படிக்கத்தான் தெரியவில்லை. வீடு வீடாக வரும் மிஷன் பைபிள் உமனிடம் இருபத்தாறு வயதில் அ, ஆ எழுதிப் பழகினாள். லைசாலையும் டிஞ்சரையும் மாற்றி எடுத்துவிடாமல் இருக்க முதலில் "லை" கற்றுக்கொண்டதாகச் சொல்லிச் சிரிப்பாள். நகம் வெட்டுவது, முழங்கை வரை சோப்புப் போடுவது, கத்தரிக்கோலையும் நூலையும் கொதிக்க வைப்பது, பிறந்த பிள்ளையின் கண்ணில் சில்வர் நைட்ரேட் சொட்டு விடுவது, மரக்குழலை வயிற்றில் வைத்துச் சிசுவின் துடிப்பை எண்ணுவது, இவ்வளவுதான் புதிது. ஆனால் இந்த "இவ்வளவுதான்" எத்தனை உயிர்! பயிற்சி முடிந்தபின், பழைய காலத்தில் தன் கையாலேயே போன பிள்ளைகள் எவை எவை என்று அவளுக்கு விளங்கிவிட்டது. அதைப் பற்றி மட்டும் அவள் ஒரு தடவைக்கு மேல் பேசியதில்லை.

1920களின் கடைசியில் தாலுகா போர்டு மிட்வைஃபாக அதே சுற்றுவட்டாரத்துக்கு வந்து சேர்ந்தாள். வெள்ளைப் புடவை, ரவிக்கை, தோல் பை, குடை, காலில் செருப்பு. குடையும் செருப்பும் உங்களுக்குச் சாதாரணமாகத் தெரியும். எங்கள் தெருப் பெண் செருப்பு போட்டுக்கொண்டு அக்ரகாரத்தின் முன்வாசல் தெருவில் நடப்பது அன்றைக்குச் சாதாரணம் இல்லை. முதல் வாரம் அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போனாளாம். பிறகு பியூன் ஒருவர், "சர்க்கார் பை தூக்கிட்டுப் போறே, போட்டுக்கிட்டே போ" என்றாராம். "ஏ மருத்துவச்சி" என்று கூப்பிட்ட அதே வாய்கள் "மிட்வைஃபம்மா" என்று மாற எத்தனை நாள் ஆனது என்று கேட்டேன். "மாறல. எனக்கு முன்னால மிட்வைஃபம்மா, முதுகுக்குப் பின்னால பழையதுதான்" என்றாள்.

மேலே வந்தாளா என்றால், வந்தாள். காலமும் கைகொடுத்தது. 1930க்குப் பின் வந்த பொருளாதாரப் பெருமந்தத்தில் நெல் விலை பாதிக்குப் பக்கமாகச் சரிந்தது. நெல்லை நம்பிய மிராசுதார்களே கிஸ்தி கட்டத் திணறினார்கள். மாதச் சம்பளம் வாங்கியவர்களுக்கு அதே ரூபாய்க்கு இரட்டிப்பு நெல் கிடைத்தது. அவள் ஓட்டு வீடு கட்டியது அந்த வருஷங்களில்தான். உங்கள் கதாநாயகி நிலம் வாங்க வேண்டும் என்று உங்களுக்கு ஆசையாக இருந்தால், தானமாக வேண்டாம். நொடித்துப்போன மிராசுதார் விற்கிற இரண்டு மாவை அவள் ரொக்கம் கொடுத்து வாங்கட்டும். பத்திரப் பதிவு அலுவலகத்தில் அவர் கையெழுத்துப் போட, பக்கத்தில் இவள் கைநாட்டு வைக்காமல் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போடட்டும்.

ஆனால் அதற்கும் விலை இருந்தது. இரண்டு சண்டைகள். முதலாவது களத்தில். சம்பளம் வாங்க ஆரம்பித்த வருஷமே பண்ணைக் காரியக்காரர் எங்கள் குடும்பத்துப் பங்கில் கை வைத்தார். "ஒங்க வீட்டுப் பொம்பள சர்க்காரு சம்பளம் வாங்குறா, இனிமே பேறுக்கு எதுக்கு நெல்லு?" அதுவரை அவள் வேலைக்குத் தனி அளவே கிடையாது என்றவர்கள், கழிக்கிறபோது மட்டும் சரியாகக் கணக்குப் போட்டுக் கழித்தார்கள். கொழுந்தனார் வீட்டில் நாலைந்து வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. குடும்பமே அவளால்தான் கெட்டது என்றார்கள்.

இரண்டாவது சண்டை பெரியது. போர்டு மிட்வைஃப் என்றால் கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் போக வேண்டும், சேரியும் அதில் சேர்த்திதான். முதல் அழைப்பு வந்தபோது அவளுக்கே கால் வரவில்லை. பொய் சொல்லி ஒதுங்கிவிடலாமா என்று நினைத்ததாக ஒப்புக்கொண்டாள். போனாள். அது பரிவினால் என்று சொன்னால் அவளே சிரிப்பாள், புகார் போனால் வேலை போய்விடும் என்ற பயம்தான். குடிசைக்குள் அவளுக்கு முன்பே அந்தத் தெருக் கிழவி எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்து வைத்திருந்தாள். கொடி அறுப்பதற்கு மட்டும் இவள் கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கினாளாம். மறுநாள் செய்தி ஊர் முழுக்கப் பரவி, அக்ரகாரத்தில் மூன்று வீடுகள், குடியானத் தெருவில் பாதி, எங்கள் சொந்தக்காரர்கள் முக்கால்வாசிப் பேர் "சேரிக்குப் போன கை" என்று அவளைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். கால் முதலில் வருகிற பிள்ளை ஒன்று, ராத்திரி ரெண்டு மணிக்கு, அக்ரகாரத்து வீட்டிலேயே வெளியே வராமல் நின்றபோதுதான் மறுபடி ஆள் வந்தது. கொல்லை வழியாக வா என்றார்கள். பை கனமாக இருக்கிறது, கொல்லைப்பக்கம் சேறு, வாசல் வழியாக வருகிறேன் என்றாள். அவர்களுக்கு வாதாட நேரமில்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் நாவலின் நடுப்பக்கத்தில் இந்த ராத்திரியைத்தான் வைப்பேன். 1924 ஆடி மாதக் காவிரி வெள்ளத்தையும் வேறொரு காட்சியில் இழுத்துக்கொள்ளலாம். அப்படியானால் அவள் அப்போது இன்னும் பயிற்சிக்குப் போகாதவளாக இருக்க வேண்டும், வருஷத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அவள் ஒருத்தி வந்தாள், அவள் தெரு வரவில்லை. அதையும் எழுதுங்கள். சர்க்கார் வேலை என்று ஆனபிறகு பள்ளிக்கூடம் படித்த வேறு வீட்டுப் பெண்கள் நிறையப் பேர் செவிலியரானார்கள், அது நல்லதுதான். படிக்காத பரம்பரை மருத்துவச்சிகள் ஓரமானார்கள். 1977 வாக்கில் அரசாங்கம் அவர்களைத் தேடிப்பிடித்துப் பயிற்சி கொடுத்து, பிளேடு, நூல், சோப்பு வைத்த பெட்டி கொடுத்தது. நான் வேலைக்கு வந்து அந்தக் கிழவிகளுக்குத்தான் சுத்தமான கை, சுத்தமான இடம் என்று விரல் மடக்கிச் சொல்லிக்கொடுத்தேன். அவர்கள் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரி தாயி, இப்ப வயித்தத் தொட்டுப் பாத்துச் சொல்லு, எத்தனை மாசம்?" என்று எனக்குப் பரீட்சை வைப்பார்கள். இன்று தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிரசவத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில்தான்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் யோசித்து வைத்திருக்கும் அலங்காரப் பெயரெல்லாம் வேண்டாம். மாரியாயி, காமாட்சி, தைலம்மை என்று சாதாரணமாக ஒன்று வைத்துவிட்டு, பாதி நாவல் வரைக்கும் யாரையும் அதைச் சொல்ல விடாதீர்கள். ஊரில் அவளுக்குப் பெயர் கிடையாது. மருத்துவச்சி, அல்லது இன்னார் பெண்டாட்டி, அவ்வளவுதான். மேரைக் கணக்கில் ஏறியது புருஷன் பெயர், அவர் போனபின் கொழுந்தனார் பெயர். அப்பாயி பதிவுக்குப் போனபோது மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா "பேர்?" என்று கேட்டிருக்கிறார். இவள் பழக்கத்தில், "மருத்துவச்சிங்க" என்றாளாம். "அது தொழில், அந்தப் பத்தியில எழுதிக்கிறேன். உன் பேரச் சொல்லு." கொஞ்ச நேரம் யோசிக்க வேண்டியிருந்தது என்றாள்.